சிமெண்டும் சாரலும்

ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில், கிளைடு ஆறு அகன்று கடலோடு கலக்கும் கழிமுகத்தின் வடகரையில் ஹெலன்ஸ்பரோ என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் மேட்டுத் தெருக்களில் ஏறிப்போனால் கூண்டுக்குள் நிற்கும் ஒரு வீட்டைப் பார்க்கலாம். எஃகுச் சட்டகம், மேலே கூரை, நாற்புறமும் துருப்பிடிக்காத வளையங்களைக் கோத்துப் பின்னிய திரை. அந்தக் காலத்துப் போர்வீரர்கள் மார்பில் அணிந்த வளையக் கவசத்தின் அதே பின்னல்தான். திரையில் மட்டும் 3 கோடியே 24 லட்சம் வளையங்கள் இருக்கின்றன. எடை 8 டன்னுக்கு மேல். மழையின் பெரும்பகுதியைத் திரை வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடுகிறது. தேனீக்களும் சிறு பறவைகளும் தடையின்றிப் போய்வருகின்றன. லண்டனைச் சேர்ந்த கார்மடி குரோர்க் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த இந்தக் கூண்டு 2019 ஜூனில் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 45 லட்சம் பவுண்டு. ‘பாக்ஸ்’ என்றுதான் எல்லோரும் அதை அழைக்கிறார்கள்.

உள்ளே இருப்பது ஹில் ஹவுஸ். கிளாஸ்கோவின் கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மாக்கின்டாஷ் 1902 முதல் 1904 வரை கட்டிய குடியிருப்பு வீடு. ஸ்காட்லாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் ஏறத்தாழ 47,000 கட்டடங்கள் உண்டு. அவற்றில் மிக உயர்ந்த ‘ஏ’ வகையில் இது சேர்க்கப்பட்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு வீட்டுக்கட்டடக் கலையைப் பற்றிய எந்தத் தடித்த புத்தகத்திலும் இதன் படம் இருக்கும்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு என்ன நோய்? ஓதம். கட்டிய காலத்திலிருந்தே சுவருக்குள் நீர் புகுந்துகொண்டிருக்கிறது. நூறாண்டுக்கு மேலாகக் குடித்த நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. வீட்டைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து இதைச் சொல்லக் கையாண்ட உவமை பலரும் திரும்பச் சொல்வது: தண்ணீர்க் குவளையில் போட்ட ஆஸ்பிரின் மாத்திரையைப் போல வீடு கரைந்துகொண்டிருக்கிறது. கொஞ்சம் மிகைதான். ஆனால் நிதி திரட்ட வேண்டியவர்களுக்கு அந்த மிகை தேவைப்பட்டது.

பழைய கட்டடத்தில் ஓதம் ஏறுவதில் அதிசயம் எதுவும் இல்லை. இங்கே சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. நீரை உள்ளே விட்டதும், விட்ட நீரை வெளியே விடாமல் பூட்டியதும் மாக்கின்டாஷே தேர்ந்தெடுத்த சுவர்ப்பூச்சு. பின்னால் வந்த எவரோ செய்த கோளாறு என்றால் அதை உரித்தெறிந்துவிடலாம். படைத்தவனே செய்த பிழையை என்ன செய்வது?

*

வீட்டுக்கு முன் ஊர். ஹெலன்ஸ்பரோ தானாக வளர்ந்த ஊர் இல்லை. முதலில் காகிதத்தில் உருவாகி, பிறகு மண்ணுக்கு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தின் நிலக்கிழார்களுக்கு ஊர் அமைக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. எடின்பரோவின் புதுநகருக்கு 1767இல் ஜேம்ஸ் கிரெய்க் திட்டம் வரைந்தார். ஆர்கைல் பிரபுக்கள் தங்கள் மாளிகைக்குப் பக்கத்தில் இருந்த இன்வரேரி ஊரையே பெயர்த்து, சற்றுத் தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள். வடக்கே உல்லாபூல் ஊரை 1788இல் ஒரு மீன்வள நிறுவனம் ஹெர்ரிங் மீனை நம்பி நிறுவியது. இப்படி நேர்த்தெருக்களோடு எழுந்த ஊர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு.

லஸ் பகுதியின் நிலக்கிழாரான சர் ஜேம்ஸ் கஹூன் இந்தக் கடற்கரையை வாங்கியிருந்தார். 1776 ஜனவரியில் கிளாஸ்கோ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். வீடு கட்ட மனை தருகிறோம், விலை நியாயமானது, தொப்பி செய்பவர்களும் காலுறை, லினன், கம்பளி நெய்பவர்களும் வந்தால் ஆதரவு உண்டு என்பது அதன் சாரம். மனை கைமாறிய விதம் ஸ்காட்லாந்துக்கே உரியது. வாங்கியவர் தலைமுறை தலைமுறையாக அதை அனுபவிக்கலாம், விற்கலாம். ஆனால் ஆண்டுதோறும் நிலக்கிழாருக்கு ஒரு தொகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிலமானிய காலத்து மிச்சமான இந்த ஏற்பாட்டை ஸ்காட்லாந்து முழுமையாக ஒழித்தது 2004 நவம்பரில்தான். ஊருக்குக் கஹூன் வைத்தது தன் மனைவி ஹெலனின் பெயரை.

நெசவாளர்கள் எதிர்பார்த்தபடி திரண்டு வரவில்லை. வந்தவர்கள் குளிக்க வந்தார்கள். கடல்நீரில் குளிப்பது உடம்புக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஹென்றி பெல் என்ற பொறியாளர் இங்கே குளியல் வசதியுள்ள விடுதி ஒன்றை நடத்தினார். ஊரின் முதல் நகரத்தலைவரும் அவர்தான். விடுதிக்கு விருந்தினர் வேண்டுமே! 1812இல் ‘காமெட்’ என்ற நீராவிப் படகைக் கட்டி, கிளாஸ்கோவுக்கும் கிரீனக்குக்கும் ஹெலன்ஸ்பரோவுக்கும் இடையே ஓட்டினார். ஐரோப்பாவில் வணிக ரீதியாக வெற்றிபெற்ற முதல் நீராவிப் பயணிகள் சேவை இதுதான் என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. விடுதியை நிரப்பக் கண்டுபிடித்த தந்திரம், கடற்பயணத்தின் வரலாற்றில் ஓர் அத்தியாயமாகிவிட்டது.

1858இல் ரயில் வந்தது. அதன்பின் கிளாஸ்கோவின் கப்பல் முதலாளிகளும் இரும்பு வணிகர்களும் காலையில் நகரத்துக்குப் போய் மாலையில் கடற்காற்றுக்குத் திரும்பினார்கள். நகரத்தின் புகையில் சம்பாதித்துப் புகையில்லாத ஊரில் செலவழிக்கும் வாழ்க்கை. நெசவாளர் குடியிருப்புக்காகக் கோடு போட்ட அகலமான நேர்த்தெருக்கள் இப்போது பெரிய பங்களாக்களுக்கு வசதியாகிவிட்டன. ஊரைத் திட்டமிட்டவர் கனவு கண்ட மக்கள் வேறு, அந்தக் கட்டங்களை நிரப்பிய மக்கள் வேறு. கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன. இந்த ஊரில் பாதிரியார் ஒருவரின் வீட்டில் 1888இல் பிறந்த ஜான் லோகி பெய்ர்டு பின்னாளில் தொலைக்காட்சியைக் காட்டி உலகை வியக்கவைத்தார். அது வேறு கதை. என்றாலும் புதுமைக்கு இவ்வூரில் பஞ்சமில்லை என்பதற்குச் சாட்சி.

கரையோரத்தில் கடைத்தெரு, அதற்கு மேல் நடுத்தர வீடுகள், உச்சியில் செல்வந்தர். மலைச்சரிவில் கட்டப்பட்ட ஊர்கள் பலவற்றிலும் இந்த அடுக்கைக் காணலாம். ஹில் ஹவுஸ் இருக்கும் மேல் கஹூன் தெரு அந்த உச்சியில்தான் இருக்கிறது.

*

வால்டர் பிளாக்கி ஒரு பதிப்பாளர். கிளாஸ்கோவின் பிளாக்கி அண்ட் சன் நிறுவனம் பள்ளிப் பாடநூல்களையும் சிறுவர் சாகச நாவல்களையும் கட்டுக்கட்டாக அச்சிட்டது. பேரரசுப் போர்களைக் கதையாக்கிய ஜி. ஏ. ஹென்டியின் புத்தகங்கள் அவர்களுடையவைதான். முகப்புப் பக்கத்தில் லண்டன், கிளாஸ்கோ என்ற பெயர்களோடு பம்பாயின் பெயரும் அச்சானது. இந்தியப் பள்ளிகள் அவர்களுக்கு நல்ல சந்தை. காலனி நாடுகளின் மாணவர்கள் புரட்டிய பாடநூல்களின் லாபத்தில் ஒரு பங்கு இந்த வீட்டின் சுவரிலும் இருக்கத்தான் செய்யும்.

பதிப்பகத்தின் ஓவியப் பிரிவை நடத்திய டால்வின் மாரிஸ்தான் மாக்கின்டாஷின் பெயரைச் சொன்னார். கிளாஸ்கோ கலைப்பள்ளியை வடிவமைத்த பெரிய மனிதர் என்று நினைத்திருந்த பிளாக்கிக்கு, எதிரில் வந்து நின்ற இளைஞரைப் பார்த்ததும் திகைப்பு. மாக்கின்டாஷுக்கு அப்போது வயது முப்பத்து மூன்றோ முப்பத்து நான்கோதான். பிளாக்கி தனக்குப் பிடிக்காததைப் பட்டியலிட்டார்: செங்கல், மரச்சட்டம் தெரியும் சுவர், சிவப்பு ஓட்டுக்கூரை வேண்டாம். வேண்டியதையும் சொன்னார்: சொரசொரப்பான சாம்பல்நிறச் சுவர், ஸ்லேட் கூரை. ஒட்டவைத்த அலங்காரங்கள் வேண்டாம், கட்டடத்தின் பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் விதத்திலேயே அழகு வர வேண்டும். வீடு கட்டுபவர்களில் இவ்வளவு தெளிவாகப் பேசத் தெரிந்தவர்கள் அரிது. மாக்கின்டாஷ் அவரை கில்மகாம் ஊரில் தான் முடித்திருந்த விண்டிஹில் என்ற வீட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். பிளாக்கி தம்பதிக்குச் சந்தேகம் தீர்ந்தது.

அதன்பின் நடந்தது இன்றைய கட்டடக்கலை மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லப்படுகிறது. மாக்கின்டாஷ் பிளாக்கி குடும்பத்தோடு தங்கினார். யார் எப்போது எழுகிறார்கள், குழந்தைகள் எங்கே ஓடுகிறார்கள், விருந்தினர் வந்தால் என்ன நடக்கிறது என்றெல்லாம் கவனித்தார். பிறகு வீட்டின் உட்புறத்தை மட்டும் வரைந்து காட்டினார். அது ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகுதான் வெளித்தோற்றத்தை வரைந்தார். ஆகவே சன்னல்கள் தெருவிலிருந்து பார்ப்பவரின் கண்ணுக்காக வரிசை கட்டி நிற்பதில்லை. உள்ளே ஒருவர் எங்கே உட்கார்ந்து படிப்பாரோ, எங்கே நின்று தோட்டத்தைப் பார்ப்பாரோ, அங்கங்கே திறந்திருக்கின்றன. வெளியே நின்று பார்த்தால் கோணல்மாணலாகத் தெரியும். ஓர் அறையில் உட்கார்ந்தால் கோணல் மறைந்துவிடும்.

நுழைவாசல் மேற்குப் பக்கச் சுவரில் சிறியதாக இருக்கிறது. உள்ளே வந்தவுடன் நூலக அறை. தொழில் விஷயமாக வருகிறவர்கள் அங்கேயே பேசி முடித்துப் போகலாம், குடும்பத்துக்குள் வர வேண்டியதில்லை. சில படிகள் ஏறினால் கூடம். கருஞ்சாயம் ஏற்றிய பைன் பலகைகள், நடுநடுவே கட்டைவிரல் அளவுக்கு ஊதாவும் இளஞ்சிவப்புமான கண்ணாடித் துண்டுகள். இருட்டாகத்தான் இருக்கும். அந்த இருட்டைக் கடந்து விருந்தறைக்குள் நுழைகிறபோது வெண்மை முகத்தில் அடிக்கிறது. மாக்கின்டாஷ் அந்த அறையைப் பருவங்களின்படி பிரித்தார். குளிர்காலத்துக்குக் கணப்பு. கோடைக்குத் தோட்டத்தை நோக்கித் துருத்திய கண்ணாடி மாடம். இருக்கையும் புத்தகத் தட்டும் அதிலேயே சேர்ந்திருக்கும். இசைக்கு பியானோ வைக்க ஒரு குழிவு. சுவரில் அச்சுத்தகட்டால் பதித்த ரோஜாக்கள். கணப்புக்கு மேலே உறங்கும் இளவரசியின் சுதைச் சித்திரம். அதைச் சில ஆண்டுகள் கழித்து மாக்கின்டாஷின் மனைவி மார்கரெட் மாக்டொனால்டு செய்துகொடுத்தார். படுக்கையறையின் பூந்துணிகளும் அவர் கைவேலை. கணவரின் புகழ் வளர வளர மார்கரெட் அடிக்குறிப்பாகக் குறுகிப்போனார். மாக்கின்டாஷோ அவருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், தன் கட்டடப் பணியில் பாதிக்கு மேல் அவருடையதுதான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

படுக்கையறை இந்த வீட்டின் உச்சம். எல்லாம் வெள்ளை. கட்டில் இருக்கும் மாடத்தின் மேல் மட்டும் விதானம் வளைந்து இறங்குகிறது. வெள்ளை அலமாரிகளுக்கு நடுவே, சுவரோரம், ஏணிபோல் குறுக்குச் சட்டங்கள் கொண்ட நெடிய முதுகோடு கருப்பு நாற்காலி ஒன்று நிற்கிறது. உயரம் 140 சென்டிமீட்டர். உட்காருவதற்கு அவ்வளவு சுகமானதல்ல. வெண்மையின் நடுவில் ஒரு கருப்புக்கோடு வேண்டும் என்பதற்காகவே அது அங்கே இருக்கிறது. இத்தாலியின் கசீனா நிறுவனம் 1973 முதல் அதன் நகலைத் தயாரித்து விற்கிறது. உலகெங்கும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் விடுதி வரவேற்பறைகளிலும் நிற்கும் அந்த நாற்காலி, தன் அறையின் வெள்ளையைப் பிரிந்து வந்ததால் பாதி அர்த்தத்தை இழந்துதான் நிற்கிறது.

வீட்டை ஒப்படைக்கும்போது மாக்கின்டாஷ் சொன்னதை பிளாக்கி முதுமையில் எழுதிய நினைவுக்குறிப்பில் பதிவுசெய்தார். இது இத்தாலிய வில்லாவோ ஆங்கிலேய மாளிகையோ ஸ்காட்லாந்துக் கோட்டையோ இல்லை, குடியிருக்க ஒரு வீடு, அவ்வளவுதான் என்பது அதன் பொருள். பணிவுபோல ஒலிக்கும் பெருமிதம்.

*

இனிச் சுவர்.

ஸ்காட்லாந்தின் பழைய கோட்டைகளும் பண்ணைவீடுகளும் வெறுங்கல்லைக் காட்டி நின்றவை அல்ல. சுண்ணாம்புச் சாந்தில் சிறுகற்களைக் கலந்து, கொத்தனார் கரண்டியால் அள்ளிச் சுவரில் வீசியடிப்பார். அந்தப் பூச்சுக்கு ‘ஹார்லிங்’ என்று பெயர். சொரசொரப்பான மேற்பரப்பில் விழுந்த நீர் பல திசையில் சிதறும். ஈரம் உள்ளே போனாலும் வெயிலும் காற்றும் வந்தவுடன் சுண்ணாம்பு வழியாக ஆவியாகி வெளியேறிவிடும். சுவர் ஈரத்தை வாங்கும், திருப்பிக் கொடுக்கும். அவ்வப்போது உதிரும், மறுபடி அடிப்பார்கள். பழுதுபார்ப்பது அந்தப் பூச்சோடு கூடவே வரும் வேலை.

மாக்கின்டாஷுக்கு இது தெரியாததல்ல. 1891இல், இருபத்திரண்டு வயதில், ஸ்காட்லாந்தின் கோட்டைக் கட்டடக்கலையைப் பற்றி கிளாஸ்கோ கட்டடக் கலைஞர் சங்கத்தில் சொற்பொழிவாற்றியவர் அவர். ஹில் ஹவுஸின் வட்டப் படிக்கட்டுக் கோபுரமும் சிறு சன்னல்களும் கனத்த புகைபோக்கிகளும் அந்தக் கோட்டைகளின் வாரிசுகள். வடிவத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். மேற்பூச்சை மட்டும் தன் காலத்திலிருந்து எடுத்தார்.

லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை பெற்ற போர்ட்லாந்து சிமெண்ட், 1900 வாக்கில் நவீனத்தின் பொருளாகிவிட்டிருந்தது. கெட்டியானது, சீக்கிரம் இறுகுவது, நீர் புகாதது என்று பெயர் வாங்கியிருந்தது. ஹில் ஹவுஸின் சொரசொரப்பான பூச்சுக்கு அதையே பயன்படுத்தினார்கள். சிமெண்ட் இறுகினால் வளைந்துகொடுக்காது. வீடு கொஞ்சம் அசைந்தாலும், வெப்பமும் குளிரும் மாறினாலும், தலைமுடியளவு விரிசல் விடும். அந்த விரிசலில் நீர் இறங்கும். இறங்கிய நீர் வெளியே வர முயன்றால் சிமெண்ட் கதவடைத்து நிற்கும். சுண்ணாம்புச் சுவரில் அன்றாடம் நடக்கிற வரவு செலவு இங்கே வரவோடு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் நுணுக்கமானது. எந்த ஊர்க் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார்: சுவரின் தலையில் சற்று வெளியே நீட்டிய கல் வைக்க வேண்டும்; அதன் அடியில் சிறு பள்ளம் வெட்ட வேண்டும், அப்போதுதான் நீர் சுவரில் வழியாமல் தள்ளிச் சொட்டும். சன்னலுக்குக் கீழேயும் அப்படியே. மாக்கின்டாஷுக்கு அந்தக் கோடுகள் வேண்டியிருக்கவில்லை. கைப்பிடிச் சுவரின் தலையிலும் புகைபோக்கியின் தலையிலும் பூச்சு தடைபடாமல் மேலேறி அப்படியே வளைந்து மறுபுறம் இறங்குகிறது. ஒரே பொருளில் செதுக்கிய சிற்பம்போல வீடு தோன்றுவது இதனால்தான். நிழற்படங்களில் நாம் வியக்கும் அந்த வழுவழுப்பான முனைகள் எல்லாம் மழைக்குத் திறந்துவைத்த வாசல்கள்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்லான்டிக் ஈரத்தைச் சுமந்துவரும் மேற்குக் காற்று முதலில் முட்டுகிற மலைகளுக்கு அருகில் இந்த ஊர் இருக்கிறது. ஆண்டில் ஏறத்தாழ பாதி நாட்கள் மழை. அதுவும் நேராகப் பெய்யாது, காற்றோடு சாரலாகப் படுக்கைவாட்டில் அடிக்கும். கூரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுவர்தான் அடி வாங்கும்.

இதையெல்லாம் வைத்து மாக்கின்டாஷைத் திறமையற்றவர் என்று தீர்ப்புச் சொல்வது எளிது. அது சரியாகாது. புதுப்பொருள் எப்படி மூப்படையும் என்பதை அதன் முதல் தலைமுறையால் அறிய முடியாது. ஆனால் நீட்டிய கல்லைத் தவிர்த்ததற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அந்தப் பாடம் அவர் புகழ்ந்து பேசிய பழைய கோட்டைகளிலேயே இருந்தது. அழகுக்காக அவர் தெரிந்தே எடுத்த துணிச்சல் அது. கட்டணம் வாரிசுகளுக்கு வந்து சேர்ந்தது.

*

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அபெர்டீன்ஷயர் பகுதியில் 1626இல் கட்டி முடித்த கிரெய்கிவார் கோட்டை. இளஞ்சிவப்பு நிறத்துக்குப் பேர்போனது. அதையும் இதே டிரஸ்ட்தான் பராமரிக்கிறது. 1970களில் அதன்மேல் சிமெண்ட் கலந்த பூச்சு அடித்தார்கள். அங்கும் ஈரம் சுவருக்குள் மாட்டிக்கொண்டது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிமெண்ட்டை முழுக்க உரித்துவிட்டு, மரபுப்படி சுண்ணாம்புப் பூச்சு அடித்து, இளஞ்சிவப்பை மீட்டார்கள். எவருக்கும் மனச்சங்கடம் இல்லை. சிமெண்ட் இருபதாம் நூற்றாண்டின் இடைச்செருகல், சுண்ணாம்பே மூலம்.

ஹில் ஹவுஸில் கணக்கு தலைகீழ். இங்கே சிமெண்ட்தான் மூலம், சுண்ணாம்பு அடித்தால் அதுதான் இடைச்செருகல். பழைய கட்டடங்களைப் ‘புதுப்பிக்கும்’ வெறியை எதிர்த்து 1877இல் வில்லியம் மாரிஸ் ஒரு சங்கம் தொடங்கினார். 1964இன் வெனிஸ் சாசனம் மூலப்பொருளுக்கும் சான்றுக்கும் மரியாதை கொடுக்கச் சொன்னது. இந்த மரபில் பயின்ற பாதுகாப்பாளர் ஒருவர் ‘ஏ’ வகைக் கட்டடத்தின் மூலப்பூச்சை உரிக்கக் கை நீட்டும்போது அந்தக் கை நடுங்கத்தான் செய்யும். அவர் பயின்ற கோட்பாடுகள் காலத்தின் சிதைவிலிருந்தும் பின்வந்தவர்களின் அத்துமீறலிலிருந்தும் படைப்பைக் காக்கத் தோன்றியவை. படைப்பே தன்னைச் சிதைத்துக்கொள்கிற நிலைமைக்கு அவற்றில் நேரடியான விடை கிடைக்காது.

1953இல் பிளாக்கி இறந்தபின் வீடு கைமாறியது. 1972இல் ஸ்காட்லாந்தின் கட்டடக் கலைஞர் கழகம் அதை வாங்கி, 1982இல் நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தது. ஒவ்வொரு கையும் ஒட்டுப்போட்டது. விரிசலைச் சிமெண்ட்டால் அடைத்தார்கள். பக்கத்தில் புது விரிசல் வந்தது. உள்ளே காரை பெயர்ந்தது, மரம் உளுத்தது, ரோஜாச் சுவர்களில் கறை படர்ந்தது. சுவரைத் தொடாமல் முதலில் மழையைத் தள்ளிவைப்போம், வீடு உலரட்டும், அதற்குள் யோசிப்போம் என்று பெட்டிக்குள் வைத்தது இத்தனை ஒட்டுகளுக்கும் பிறகுதான். யோசிக்க நேரம் வாங்கிக்கொண்ட ஏற்பாடு அது.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாக்கின்டாஷின் தலைசிறந்த படைப்பான கிளாஸ்கோ கலைப்பள்ளி 2014 மே மாதத்தில் தீப்பிடித்து நூலகத்தை இழந்தது. பெரும்பணம் செலவழித்துச் சீரமைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே 2018 ஜூனில் மறுபடி எரிந்து வெறும் சுவர்க்கூடாக நின்றது. அதற்குப் பின் ஹில் ஹவுஸின் மதிப்பு கூடிவிட்டது. ஒன்றை நெருப்பு கொண்டுபோனது, மற்றதை நீர் தின்றுகொண்டிருந்தது.

மாக்கின்டாஷ் இந்த அக்கறையில் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தன் வாழ்நாளில் பார்க்கவில்லை. 1900இல் வியன்னாவின் கலைஞர்கள் அவரைக் கொண்டாடினார்கள். கிளாஸ்கோவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. 1914இல் ஊரைவிட்டுக் கிளம்பி சஃபக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் தங்கியபோது, போர்க்காலப் பதற்றத்தில், வியன்னாவிலிருந்து வந்த கடிதங்களே அவரை உளவாளி என்று சந்தேகிக்கக் காரணமாயின. கடைசியாக லண்டனிலும் தெற்குப் பிரான்சிலும் நீர்வண்ண ஓவியங்கள் வரைந்து கழித்து, 1928இல் இறந்தார். 1933இல் மார்கரெட்டும் இறந்தபின் இருவரின் உடைமைகளையும் மதிப்பிட்டவர்கள் எழுதிய தொகை 88 பவுண்டு சொச்சம். வீட்டைச் சுற்றிய திரையின் ஒரு முழத்தைக்கூட அந்தப் பணத்தில் பின்ன முடியாது.

*

பெட்டியை அழகில்லை என்று சொன்னவர்கள் உண்டு. ஓர் அரிய வீட்டைக் கிடங்குக்குள் தள்ளிவிட்டார்கள் என்றும், வீட்டைவிடக் கூண்டே பெரிய காட்சிப்பொருளாகிவிட்டது என்றும் குறைப்பட்டார்கள். இரண்டாவதில் உண்மை இருக்கிறது. கூரைக்கு மேலே நடைபாலம் அமைத்திருக்கிறார்கள். அதில் ஏறிப் படம் எடுக்கத்தான் பாதிப்பேர் வருகிறார்களோ என்று தோன்றும். கூண்டு எழுந்தபின் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே எப்போதும் ஒரு சாம்பல் வலை தொங்குகிறது. உள்ளிருந்து கழிமுகத்தைப் பார்க்கவே அமைத்த சன்னல்களுக்கு இது சின்ன இழப்பில்லை.

ஆனாலும் நடைபாலத்தின் ஒரு நன்மையை எவரும் மறுக்க முடியாது. மாக்கின்டாஷோ பிளாக்கியோ ஒருநாளும் நின்று பார்த்திராத இடத்திலிருந்து, புகைபோக்கிகளின் தலை உயரத்திலிருந்து, பார்வையாளர் வீட்டைப் பார்க்கிறார். கல் வைக்காத அந்த முனைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பூச்சு எங்கே வளைகிறது, எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறது, விரிசல் எந்த வழியாக இறங்குகிறது என்றெல்லாம் தெரியும். பொதுவாகப் பாரம்பரியக் கட்டடங்கள் காயத்தை மறைத்துவைத்துப் பெருமையை மட்டும் காட்டும். இங்கே நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே வருகிறவருக்குக் காயத்தையும் பக்கத்தில் அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். கட்டடக்கலையை இவ்வளவு நேர்மையாகப் பொதுமக்களுக்குக் கற்பித்த ஏற்பாடுகள் குறைவு.

சுவர்களின் ஈரத்தை நுண்ணலைக் கருவிகளாலும் வெப்பப் படங்களாலும் அளந்துவருகிறார்கள். வீடு உலர்ந்துவருகிறது. சுவர் மெல்லத்தான் உலர வேண்டும். அவசரமாக உலர்ந்தால் காரையும் மரமும் சுருங்கி வெடிக்கும். காற்றை விடும் வலையைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

உலர்ந்த பிறகு வருவதுதான் கடினமான முடிவு. கூண்டை எடுத்துவிட்டு அதே சிமெண்ட்டோடு வீட்டை மழைக்கு விட்டால், இன்னொரு நூற்றாண்டில் இன்னொரு கூண்டு கட்ட வேண்டும். சிமெண்ட்டை உரித்துச் சுண்ணாம்பு அடித்தால் வீடு நிற்கும். ஆனால் மாக்கின்டாஷ் தொட்ட மேற்பரப்பு போய்விடும், நிறமும் முனைகளின் வளைவும் சற்று மாறும். கூண்டை நிரந்தரமாக்கினால் வீடு கண்ணாடிப் பேழைக்குள் வைத்த நகை ஆகிவிடும். குடியிருக்க ஒரு வீடு என்று சொல்லி ஒப்படைத்த ஒன்றுக்கு அது மிகக் கொடிய முடிவு.

இந்த மூன்றில் இரண்டாவதே நியாயமாகத் தோன்றுகிறது. பழைய பூச்சின் கலவையையும் தடிமனையும் ஒவ்வொரு முனையின் வளைவையும் துல்லியமாக அளந்து பதிவுசெய்யலாம். ஒதுக்குப்புறமான ஒரு சுவர்ப்பகுதியை மூலச் சிமெண்ட்டோடு அப்படியே விட்டுவைத்துக் கண்காணிக்கலாம். மற்ற இடங்களில் ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கும் பூச்சுக்கு மாறலாம். புகைபோக்கிகளின் தலையில் கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படாத மெல்லிய ஈயத்தகடு ஒன்றை விளிம்பு நீட்டிப் பதிக்கலாம். கலைஞனின் மேதைமை அந்த வீட்டில் அறைகளின் வரிசையிலும் ஒளி விழும் கோணத்திலும் சன்னலோர இருக்கையிலும் படிக்கட்டின் வளைவிலும் இருக்கிறது. அவையெல்லாம் ஈரமில்லாத சுவரை நம்பியிருப்பவை. சிமெண்ட் மூட்டையில் மேதைமை எதுவும் இல்லை.

இதைத் துரோகம் என்பவர்கள் 1902ஆம் ஆண்டின் பேச்சுவார்த்தையை ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். வீட்டுக்காரர் கேட்டதாகக் குறிப்பில் இருப்பது சொரசொரப்பான சாம்பல்நிறச் சுவரும் ஸ்லேட் கூரையும். சாம்பல்நிறத்தைச் சுண்ணாம்பும் தரும்.